ஸ்பேர் பார்ட்ஸுக்கு வாரிசு யார்?

போன டிசம்பர் லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சியில் ஒரு வாரம், நடுவில் மூணாறு, திரும்ப பொள்ளாச்சி, அப்புறம் சிங்கப்பூர். இதுதான் திட்டம். இதற்கிடையில் ஒரு தகர ஷெட்டுக்குள் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன் என்றோ, அதைப் பற்றி இப்படி நீட்டி முழக்குவேன் என்றோ நினைக்கவே இல்லை.

எல்லாம் என் பையனால் வந்தது. பதிமூன்று வயசு, கார் பைத்தியம். கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் இருக்கும் ஜீடி கார் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் ஆரம்பித்தாரே ஜி.டி.நாயுடு, அவர் குடும்பத்தார் 2015-ல் திறந்தது. பல நாட்டுக் கார்கள், துடைத்துப் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. கோவைப் பக்கம் போகிறவர்கள் அவசியம் பாருங்கள். பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இதெல்லாம் ரிப்பேர் ஆனா, பார்ட்ஸ் எங்கப்பா கிடைக்கும்?"

எனக்கு பதில் தெரியவில்லை. பி.காம் படித்து பேங்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

ராத்திரி சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன். "பார்ட்ஸ் பாக்கோணும்னா கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒருத்தரு இருக்காரு மாப்ளே. அந்தக் காலத்துல சோழவரத்துல ரேஸ் ஓட்டுனவரு. நாளைக்குப் போலாம் வா" என்றார்.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் போனால் எல்லை தாண்டியதே தெரியாது. அதே தென்னந்தோப்பு, அதே காற்று. போர்டில் மட்டும் எழுத்து மாறும். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. டீக்கடையில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். ஒரு தோப்புக்குள் வண்டியைத் திருப்பினார் மாமா. ஓட்டு வீடு, பக்கத்தில் நீளமான தகர ஷெட். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். எண்பதை நெருங்கும் வயசு. (பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெரியவர் என்றே சொல்கிறேன்.)

"வாங்க தம்பி. சிங்கப்பூருங்களா? அங்கெல்லாம் பத்து வருசத்துல காரைத் தூக்கிப் போட்டுருவாங்களாமா?"

அங்கேயே மாட்டிக்கொண்டேன். உண்மைதான். சிங்கப்பூரில் 1990-லிருந்து சி.ஓ.இ. என்ற உரிமச் சீட்டு இருந்தால்தான் கார் வைத்துக்கொள்ள முடியும், அதற்கு ஆயுள் பத்து வருஷம். புதுப்பிக்க மறுபடி பெரிய தொகை கட்ட வேண்டும் என்பதால், நன்றாக ஓடுகிற வண்டியையே பலர் பத்தாவது வருஷம் ஒப்படைத்துவிடுவார்கள். ஆனால் அந்த ஊரிலேயே 35 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குத் தனித் திட்டம் உண்டு. வருஷத்துக்கு 45 நாள் ஓட்டிக்கொள்ளலாம். இதைச் சொன்னேன். "பரவால்லீங்களே" என்று சிரித்தார்.

ஷெட்டுக்குள் ஏழு வண்டிகள். இரண்டு ஃபியட் 1100, ஒரு அம்பாசிடர், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு பழைய ஜீப், ஃபியட் இன்ஜினை வைத்து அவரே கட்டிய ஒரு ரேஸ் கார், கடைசியில் இன்ஜின் இல்லாத ஒரு ஃபார்முலா மாருதி.

இந்தக் கடைசி வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோழவரம் என்பது சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் வந்தது 1990-ல். சோழவரம் காலத்தில் வெளிநாட்டு ரேஸ் கார் என்றால் மகாராஜாக்களுக்கும் பெரும் பணக்காரர்களுக்கும்தான். மற்றவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் வெட்டி ஒட்டி ஓட்டினார்கள். கோயமுத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ்.கரிவரதன்தான் இதை மாற்றியவர். எல்லா ஊரிலும் ஸ்பேர் கிடைக்கிற மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. நம் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனாரே, அவரும் இந்த வண்டியில் பழகி வந்தவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான்.

"கரி பெரிய டிரைவருதான். ஆனா அதைவிட, ஸ்பேர் எங்க கெடைக்கும்னு யோசிச்சுட்டு வண்டி டிசைன் பண்ணுன ஆளு அவருதான்" என்றார் பெரியவர். இந்த ஒரு வரி எனக்குள் ஒட்டிக்கொண்டது.

பையன் வண்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். பெரியவரோ எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கேதான் நிஜமான புதையல். சுவர் முழுக்க அலமாரி. ஹார்லிக்ஸ் பாட்டில், டால்டா டின், பிஸ்கட் டப்பா, மரப்பெட்டி. உள்ளே பிஸ்டன் ரிங், பெரிங், கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயிண்ட் செட், கிங் பின், கார்புரேட்டர் ஜெட், ஹெட்லைட் கண்ணாடி. இறக்குமதி என்றாலே லைசென்ஸ் கேட்ட காலம் அது. லண்டனிலிருந்து யாராவது வந்தால் பெட்டியில் சட்டைக்கு நடுவே கார்புரேட்டர் ஜெட் சுற்றிக்கொண்டு வரச் சொல்வாராம். நாம் இன்றைக்கு ஊருக்குப் போகும்போது தைலமும் சாக்லேட்டும் சுமக்கிறோமே, அந்த மாதிரி.

எந்த டப்பாவிலும் பெயர் கிடையாது. சில மூடிகளில் பச்சை பெயிண்ட் பொட்டு, சிலதில் சிவப்பு. "பச்சைன்னா ஃபியட்டு. செகப்பு ஹெரால்டு. ரெண்டு பொட்டு வெச்சிருந்தா, அதுக்கும் சேரும் இதுக்கும் சேரும், கொஞ்சம் லேத்துல புடிக்கோணும்." எவ்வளவு பிடிக்க வேண்டும்? அது அவருக்கும் அவரிடம் நாற்பது வருஷமாக இருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயசு. போன வருஷம்தான் கண் ஆபரேஷன் ஆனது.

இந்தியாவில் இருந்தபோது கடன் வாங்கியவர்களின் குடோனுக்கு ஸ்டாக் பார்க்கப் போவேன். அந்தப் பழக்கத்தில் மனசு கணக்குப் போட்டது. இந்த அலமாரியை ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் எழுதினால் 'நகராத சரக்கு' என்று மதிப்பு பூஜ்யம் போடுவோம். கார்களும் அப்படித்தான். வருமான வரிக் கணக்குப்படி வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்தால், ஒரு லட்சத்துக்கு வாங்கிய கார் 15 வருஷம் கழித்து ஏட்டில் சுமார் 8,700 ரூபாய். அந்த ஷெட்டில் இருப்பதெல்லாம் ஐம்பது, அறுபது வருஷத்து சாமான்கள். ஏட்டில் ஒன்றுமே இல்லை.

எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் ஒரு தடவை இதே கணக்கைப் போட்டு ஒரு தப்பு பண்ணியிருக்கிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை சென்னை வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்து விற்றார்கள். பானட் மட்டும் தனியாகத் திறக்காது, மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும். அப்பா அதைத் திறந்துவைத்து, டயர் மேலேயே உட்கார்ந்து பிளக் துடைப்பார். பழனிக்கும் திருமூர்த்தி மலைக்கும் அதில்தான் போவோம். 2008-ல் அப்பா தவறிவிட்டார். அடுத்த வருஷம் அம்மா போனில், "ஷெட்டுக்குள்ள பாம்பு பூருதுடா, அந்த வண்டிய என்ன பண்றது?" என்று கேட்டார். நான் ஆபீசில் இருந்தேன். குவார்ட்டர் முடிகிற சமயம். "பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திடும்மா" என்றேன். இரண்டு நிமிஷப் பேச்சு. பதினோராயிரம் ரூபாய். ஷெட்டில் அப்பாவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது, ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி. கூடவே கோணிப்பையில் சுற்றி வைத்த புது முன் கண்ணாடி ஒன்று. எல்லாம் சேர்த்து எடை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் ஹெரால்டைப் பார்த்தார். முன் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், மேலே டேப் ஒட்டியிருந்தது.

"கண்ணாடி வேற இருந்துதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவருக்கு ஒரு மகன் அமெரிக்காவில், மகள் ஆஸ்திரேலியாவில். "வர்றப்ப எல்லாம் வித்துப்போடலாம்ப்பாங்கறாங்க. அவங்க சொல்றது தப்பில்லீங்க தம்பி. எனக்கப்புறம் இதுல எது எதுக்குன்னு அவங்களுக்கு என்ன தெரியும்?"

வண்டிகளை வாங்க ஆள் வந்துவிடும். பழைய காருக்கு இப்போது நல்ல மவுசு. ஒரு ஃபியட் கல்யாண ஊர்வலத்துக்குப் போகும், ஒன்று ஹோட்டல் வாசலில் நிற்கும். டப்பாக்களை யார் வாங்குவார்கள்? பெயர் இல்லாத பார்ட் வெறும் இரும்புதான். பெயர் தெரிந்த இரண்டு மண்டைகளும் போய்விட்டால், அடுத்த வாரமே உக்கடம் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இரண்டு நாள் கழித்து உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போனோம். அங்கே எனக்கு இதன் மறுபக்கம் தெரிந்தது.

கொழுக்குமலை தெரியுமில்லையா? தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துத் தேயிலை எஸ்டேட். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளாவின் இடுக்கி மாவட்டம் சூரியநெல்லி வழியாகத்தான் போக முடியும், அதுவும் ஜீப்பில் மட்டும். விடிகாலையில் கிளம்பினோம். ரோடு என்று சொல்ல முடியாது, பாறைகளை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் டிரைவர் தம்பிக்கு இருபத்தாறு வயசு. ஜீப்புக்கு அவரைவிட வயசு அதிகம். சீட்டுக்கு அடியில் ஒரு சாக்குப்பை. என்ன என்று கேட்டேன். "ஸ்பேர்தான் சார். பெல்ட்டு, ஃபில்ட்டர், பட்டைப் பிளேட்டு ஒண்ணு. மேல போய் நின்னுட்டா யாரு வருவா?" பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று பையன் தன் கேள்வியைக் கேட்டான். "போடி, தேனில கிடைக்கும். இல்லன்னா பட்டறைல செஞ்சுக்க வேண்டியதுதான். எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்காரு."

மஹிந்திரா கம்பெனி வில்லீஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டித் தர ஆரம்பித்தது 1947-ல். அந்த வம்சத்து வண்டிகள் இன்றைக்கும் கம்பம், போடியிலிருந்து மலை ஏறி, நம் ஜனங்களை ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. அங்கே யாரும் அதை விண்டேஜ் என்று சொல்வதில்லை. வேலைக்கு வேண்டியிருக்கிறது, அதனால் பார்ட்ஸ் இருக்கிறது. பார்ட்ஸ் இருப்பதால் அப்பாவிடமிருந்து மகனுக்கு வேலை போகிறது. ஹெரால்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தினசரி உபயோகம் நின்றுபோன சாமானை யாராவது முயற்சி எடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

'இதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்கு, இதற்கு எதற்கு இவ்வளவு கவலை' என்று சிலர் கேட்பீர்கள். பழைய வண்டி புகை கக்கும், பிரேக் சரியிருக்காது, ரோட்டை விட்டுப் போவதே நல்லது என்றும் சொல்வீர்கள். இரண்டாவதை நான் ஒப்புக்கொள்கிறேன். தினமும் ஆபீசுக்கு அறுபது வருஷத்து வண்டியில் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் விஷயம் தப்பு. ஹெரால்டும் ஃபியட்டும் நம் ஊரில் டாக்டரும் வக்கீலும் மில் மேனேஜரும், எங்கப்பா மாதிரி செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும் ஓட்டிய வண்டி. அதை ஓட வைத்தவர்கள் பட்டறைக்காரர்கள். கோயமுத்தூர் லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் கைத்திறமை கற்றுக்கொண்டது இந்த மாதிரி 'கெடைக்கலீன்னா செஞ்சுக்கலாம்' வேலைகளில்தான். வீணாகப் போவது அந்தத் திறமையும்தான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும், பெரிதாக மாற்றாமல் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். கண்காட்சி, பழைய கார் ஊர்வலம் மாதிரி காரியங்களுக்கு மட்டும் ஓட்டலாம். நல்லதுதான். ஆனால் 15 வருஷத்துக்கும் 50 வருஷத்துக்கும் நடுவே இருப்பவை? 1983-ல் வந்த முதல் மாருதி 800-க்கே இன்னும் ஐம்பது ஆகவில்லை. 15 வருஷம் தாண்டிய சொந்தக் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது. 'போட்டுவிடு' என்பதுதான் அதன் அர்த்தம். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பு ஃபிவா 30 வருஷம் என்றே கோடு போடுகிறது. இங்கிலாந்தில் 40 வருஷம் தாண்டினால் சாலை வரியே கிடையாது. அங்கே எம்.ஜி.பி. காருக்குப் பழைய அச்சுகளை வைத்தே புது பாடி செய்து விற்கிறார்கள். நம்மிடமும் 30 வருஷத்துக்கு ஒரு கோடு வேண்டும். ஸ்பேர் செய்ய நினைக்கிற சின்னப் பட்டறைக்கு அப்போதுதான் ஒரு வியாபாரம் இருக்கும்.

அரசாங்கம் எப்போது செய்யுமோ தெரியாது. நாம் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. பேங்க்கில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். டெபாசிட்டுக்கு நாமினி போடச் சொன்னால் போடுவார்கள். லாக்கர் சாவி எங்கே என்று சொல்லி வைப்பார்கள். ஆனால் அப்பாவின் ஷெட்டிலும் அம்மாவின் பரணிலும் என்ன இருக்கிறது, எது எதற்கு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆள் இருக்கும்போது கேட்க மாட்டோம். போன பிறகு போனில் இரண்டு நிமிஷத்தில் முடிவு எடுப்போம். வெளிநாட்டில் இருக்கிற நம்மை மாதிரி ஆட்களுக்கு இது இன்னும் சுலபம், பாம்பு பூருவதை நாம் பார்க்கப்போவதில்லையே.

மூணாறிலிருந்து திரும்பியதும் நானும் பையனும் ஒரு நீள் நோட்டு வாங்கிக்கொண்டு மறுபடி அந்த ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் டப்பாவைத் திறந்து சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். என்ன பார்ட், எந்த வண்டி, எந்த வருஷத்து மாடல், வேறு எதற்குச் சேரும், லேத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும். பையன் போனில் வீடியோ எடுத்தான். அண்ணன் முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் நிறுத்தவே இல்லை. பெரியவர் நடுநடுவே, "அது அப்படி இல்லப்பா, 64 மாடலுக்கு சேராது" என்று திருத்தினார். இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் சண்டை. மதியம் வரைக்கும் ஒரே ஒரு அலமாரிதான் முடிந்தது. இன்னும் ஏழு இருக்கிறது.

இப்போது மாமா பேரன், பாலிடெக்னிக் படிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை போய் எழுதுகிறான். போன வாரம் மூன்றாவது அலமாரி ஆரம்பித்துவிட்டான். அளவெடுத்து வரைபடமும் போடுகிறானாம். நம் கோவைப் பக்கத்து பொறியியல் கல்லூரிகள் இதை மாணவர்களுக்கு ஒரு பிராஜெக்ட்டாகக் கொடுத்தால் எத்தனை ஷெட்டுகளைக் காப்பாற்றலாம் என்று தோன்றுகிறது. பெரியவரின் பிள்ளைகளுக்கும் அந்த வீடியோக்களை அனுப்பியிருக்கிறோம். மகள் பார்த்துவிட்டு, "அப்பா இவ்வளவு பேசுவாரா?" என்று கேட்டாராம்.

அந்த முன் கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. யார் வீட்டு ஷெட்டிலாவது கோணியில் சுற்றி ஹெரால்டு கண்ணாடி ஒன்று இருந்தால், எடைக்குப் போடாதீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஹெரால்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் பண்ணும்போது, சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா என்று கேட்டு முடித்ததும், ஷெட்டில் என்னென்ன இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். கையில் ஒரு பேனா வைத்துக்கொள்ளுங்கள்.